பின் இருக்கையில் தொங்கிய சட்டை

மார்ச் 5

அன்புள்ள அண்ணா,

போன் செய்தால் எடுக்கமாட்டாய். கடிதமென்றால் பிரித்துத்தானே ஆகவேண்டும். வண்டி உள்ளே, நீ வெளியூரில், நடுவில் நான் நடையாய் நடக்கிறேன்.

போலீஸ் பிடித்த வண்டிகளை நிறுத்திவைக்கும் மைதானத்துக்குப் போனேன். நம்பர் பிளேட் வழக்கு முடியும்வரை வண்டி வராதாம். உள்ளே இருக்கும் சாமான்களை எடுக்கலாம். அதற்கும் நீ கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டுமாம். "தங்கச்சின்னு முகத்துல எழுதியா இருக்கு?" என்றார் எழுத்தர். மூக்கைப் பார்த்தாலே தெரியுமே என்றேன். மனிதர் சிரிக்கவில்லை.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கருவிப்பெட்டி இல்லாமல் அங்கே பல்லாலா திருகுகிறாய்? சீக்கிரம் அனுப்பு. எந்தப் புண்ணியவான் பிளேட்டில் டேப் ஒட்டி 3ஐ 8 ஆக்கினானோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

உன் ஒரே தங்கை (ஒன்றே அதிகம் என்கிறாள் அம்மா),
வாலு

மார்ச் 11

வாலு,

கடிதம் இணைத்திருக்கிறேன். டிக்கியில் கருவிப்பெட்டி, முன்னால் டார்ச். இரண்டும் போதும். பின் இருக்கைப் பக்கம் போகாதே.

அண்ணன்

மார்ச் 16

அண்ணா,

போய்விட்டேன். எழுத்தர் கூடவே நின்று பதிவேட்டில் எழுதினார். கருவிப்பெட்டி ஒன்று. டார்ச் ஒன்று. பின் இருக்கைக் கொக்கியில் இஸ்திரி போட்ட நீலச் சட்டை ஒன்று. மடிப்புக் கலையவில்லை, தோளில் மட்டும் தூசி. அதன் பையில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம்: வண்டி பிடிபட்ட அன்றைக்குக் காலை பத்து மணி. வீட்டில் யாரிடமும் நீ சொல்லவில்லையே.

"போட்டுக்கவே இல்ல போல, பாவம்" என்றார் எழுத்தர்.

அந்தப் புண்ணியவான் நான்தான். கறுப்பு டேப், இரண்டு துண்டு. தெருமுனையில் யாராவது சொல்வார்கள், நீ திரும்பி வந்து என் காதைத் திருகுவாய் என்று நினைத்தேன். நீ கிளம்பியபோது ஜன்னலில் நின்று சிரித்தேன் அண்ணா. அதைத்தான் தாங்க முடியவில்லை.

வாலு (வேறு பெயர் வைத்தாலும் சரி)

மார்ச் 22

வாலு,

தெரியும். டேப்பைப் பல்லால் கடித்துக் கிழிக்கிற ஆள் நம் வீட்டில் ஒருத்திதான். அன்று காலையே பார்த்துவிட்டேன். நேரமாகிவிட்டது, மாலையில் உன்னைவிட்டே பிய்க்கவைக்கலாம் என்று அப்படியே கிளம்பினேன். நானும் சிரித்துக்கொண்டேதான் போனேன்.

கோபம் டேப்புக்காக இல்லை. ஐந்து வாரமாக, நீயே சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். சட்டையை அம்மா கண்ணில் படாமல் வை. பெட்டியைப் பார்சலில் போடாதே, நீயே கொண்டுவா. பேருந்து நிலையத்தில் நிற்பேன். பெட்டியை வாங்கிக்கொண்டு நான் முன்னால் நடப்பேன். என் முதுகு உன் பக்கம்தான் இருக்கும்; கறுப்பு டேப் மீதி இருந்தால் எடுத்துவா.

அண்ணன்