கம்பி வைக்காத குளியலறை

நான் மருமகளாக வந்த நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லாமல் ‘ஆத்தா’ என்றே கூப்பிட்ட என் அத்தைக்கு,

போன வாரம் திருச்சுழிக்குப் போய் மதினியைப் பார்த்தேன். உங்கள் மகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொன்னால்தான் எனக்கு வேலை ஓடும் போலிருக்கிறது.

இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். அதை உங்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு நினைவிருக்கிறதா? “வீட்டுக்கே போகாம எப்புடி ஆத்தா வீட்ட அலங்காரம் பண்ணுவ?” என்று கேட்டீர்கள். ஆட்கள் போனில் அளவும் படமும் அனுப்புவார்கள், எந்த டைல்ஸ், எந்த அலமாரி, எந்த விளக்கு என்று நான் வரைந்து கொடுப்பேன், அவர்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன், சம்பளம் கிடையாது என்றேன். “வாங்கலைன்னா?” என்றீர்கள். “வாங்கலைன்னா ஒண்ணுமில்ல அத்தை.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “வாங்குவாக” என்றீர்கள். அருப்புக்கோட்டையில் அன்றைக்கு அதை நம்பிய ஒரே ஆள் நீங்கள்தான்.

யாரும் வாங்கவில்லை. மற்ற டிசைனர்கள் முடித்துக் கொடுத்த வீடுகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. அப்போதுதான் நம் வீட்டுக் குளியலறை மேல் கண் விழுந்தது. அந்தச் சொரசொரப்பான சிமெண்டுத் தரையைப் பெயர்த்துவிட்டு, கண்ணாடி மாதிரி மின்னுகிற வெள்ளை டைல்ஸ் போட்டேன்.

நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். “பிடிச்சுக்கிட்டு எந்திரிக்க ஒரு கம்பி மட்டும் வச்சுரு ஆத்தா.” படம் எடுத்ததும் வைத்துவிடலாம் என்றேன். படம் எடுத்தேன். அதற்குப் பிறகு அந்த வழுவழுப்பான சுவரில் ஓட்டை போட எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு தடவையும் கேட்டீர்கள். “அடுத்த வாரம் அத்தை” என்றேன். மூன்றாவது முறை நீங்கள் கேட்கவேயில்லை. கேட்டிருக்கக் கூடாதா?

அந்தப் படம் போனில் வந்ததும் தெருவையே கூப்பிட்டுக் காட்டினீர்கள். “எங்க வீட்டுப் பாத்ரூமு, என் மருமக போட்டது” என்று பால்காரரிடம்கூடச் சொன்னீர்கள். அந்தப் படத்தால்தான் எனக்கு ஆர்டர் வர ஆரம்பித்தது.

மதினி ஊரிலிருந்து வந்திருந்த வெள்ளிக்கிழமை நீங்கள் அந்தக் குளியலறையில் விழுந்தீர்கள். மதுரை ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, எப்படி விழுந்தீர்கள் என்று உங்கள் மகன் கேட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தல கிறுகிறுன்னு வந்துருச்சுய்யா” என்றீர்கள். எனக்காகச் சொல்கிறீர்கள் என்று புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்தப் படுக்கையிலிருந்து நீங்கள் எழுந்திருக்கவேயில்லை.

நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் விழுந்த அன்று காலையில் மதினி அங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தார். அந்த எண்ணெய்ப் பிசுக்கில்தான் நீங்கள் வழுக்கினீர்கள் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். பதினாறாம் நாள் என் தோளில் சாய்ந்து அழுதார். “தல சுத்துச்சுன்னு அம்மா சொன்னது என்னயக் காப்பாத்தத்தான் ராஜி. அவுகளுக்கு எதுக்குத் தல சுத்தப் போகுது? நாந்தான் தரைய ஒழுங்காக் கழுவாம வந்துட்டேன்.” நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். கம்பியைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இருந்திருக்காது. சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் தலையில் எண்ணெய் வைப்பதையே விட்டுவிட்டார்.

பத்து நாளைக்கு முன்னால் வீரசோழன் ஊரிலிருந்து பர்வீன் என்று ஒரு பெண் போனில் பேசினார். அவர் வீட்டுக்காரர் துபாயில், இங்கே புது வீடு கட்டுகிறார்கள். நம் வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, “இதே மாதிரி வேணும்க்கா. எங்கம்மாவுக்குத்தான். முட்டு வலியில ரொம்பச் செரமப்படுறாக” என்றார். அது வேண்டாம், வழுக்கும், சொரசொரப்பான டைல்ஸும் கம்பியும் போடலாம் என்றேன். அந்தப் பெண் கேட்டார்: “வழுக்கும்னு தெரிஞ்சா அப்புறம் எதுக்குக்கா அந்தப் படத்தப் போட்டு வச்சிருக்கீக?”

பிறகு அவர் வேறு ஒரு டிசைனரிடம் போய்விட்டார். என்ன டைல்ஸ் போட்டார்களோ தெரியாது. அவர் பேசிய அன்றைக்கே அந்தப் படத்தை நீக்கிவிட்டேன். உங்கள் மகனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “மொதல்ல அக்காட்ட போயிச் சொல்லு” என்றார்.

மறுநாளே பஸ் ஏறினேன். மதினி பருத்தி எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். உட்காராமலேயே சொன்னேன். நீங்கள் கேட்டது, நான் தள்ளிப்போட்டது, எல்லாம்.

“அம்மா கேட்டாகளா?”

“ரெண்டு தடவ கேட்டாக மதினி.”

வெகுநேரம் சேலை முந்தியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். “கம்பி வைக்காதத விடு. எனக்கும் வேலையின்னு வந்தா மறதிதான். ஆனா நான் அழுதப்பல்லாம் பக்கத்துலயே இருந்தியே ராஜி. அத நான் என்ன செய்ய?” குரலை உயர்த்தவேயில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நான் வந்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. நீங்கள் சொன்னது எனக்காக என்று நான் நினைத்தேன். தனக்காக என்று அவர் நினைத்தார். யாருக்காகச் சொன்னீர்கள் அத்தை? இல்லை, உண்மையிலேயே தலை சுற்றியதா? நாங்கள் இருவரும் அவரவர் குற்றத்தையே நினைத்துக்கொண்டிருந்ததில், உங்களுக்கு என்ன செய்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே.

இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் திருச்சுழிக்குப் போகிறேன். மதினி பேசுவாரோ மாட்டாரோ, வாசலில் உட்கார்ந்துவிட்டாவது வருவேன். அடுத்த ஞாயிறும் போவேன். அவர் திட்டினால் முழுசாகக் கேட்டுக்கொள்வேன். இந்த முறை தள்ளிப்போட மாட்டேன் அத்தை.

உங்கள் மருமகள்,
ராஜி