கம்பிக்குச் சும்மாடு

உன் துண்டு இன்னும் அந்த ஆணியிலேயே தொங்குகிறது. பச்சைக் கட்டம் போட்டது, ஒரு ஓரம் பிரிந்து நூல் தொங்குமே, அதேதான். இரண்டு மாதம் கழித்து இன்று காலை திருக்கனூர் ஜிம்முக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். கிட்டே போய் முகர்ந்து பார்த்தேன். உன் வாசனை வரும் என்று நினைத்தேனோ என்னவோ, இரும்பு வாசனைதான் வந்தது. துவைக்க எடுத்துப் போகலாமா, அப்படியே விடலாமா என்று புரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். நீ போனதிலிருந்து எனக்கு எதுவுமே சட்டென்று புரிவதில்லை.

முட்டி வலி என்னுடையது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடம் தையல் மிஷின் மிதித்த முட்டி. தொடைக்குப் பலம் வந்தால் வலி குறையும் என்று டாக்டர் சொன்னார். ஜிம்மில் காலை பத்து மணிக்குப் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்களாம் என்று பேச்சோடு பேச்சாக உன்னிடம் சொன்னேன். அவ்வளவுதான்.

“நீ தனியா போனா நாலு நாளு போவ. அப்புறம் துணி நெறைய கீதுன்னு வூட்லயே குந்திக்குவ. நானும் வரேன், வண்டிய எடு” என்றாய்.

சோப்பு கம்பெனியில் உனக்கு மதிய ஷிப்ட். செல்லிப்பட்டிலிருந்து என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் எனக்குப் பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொண்டே வந்தாய். எனக்குத் துணையாக வந்தாயா, உனக்கே ஆசை இருந்ததா? நான் கேட்கவே இல்லை.

முதல் நாள் மாஸ்டர் ஆளுக்கொரு ஃபாரம் கொடுத்தார். நம் பிள்ளைகள் வயதுதான் அவருக்கு, இருந்தாலும் நாம் மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். ஐந்தாம் வகுப்போடு நீ நடவுக்குப் போய்விட்டவள், எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். அதனால் உன்னுடையதையும் நானே நிரப்பினேன். பெயர், வயது எல்லாம் முடிந்து, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, வேறு ஏதாவது நோய் உண்டா என்று ஒரு கேள்வி. உரக்கப் படித்தேன்.

“இல்லன்னு போடு. நடவு நட்டவளுக்கு இன்னாடி நோவு” என்றாய், மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டு. நானும் சிரித்தபடி ‘இல்லை’ என்று எழுதினேன். குண்டு குண்டாக, அழகாகவே எழுதினேன்.

முதல் வாரம் கம்பியே தரவில்லை. வெறும் துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்து, பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொன்னார் மாஸ்டர். பாதம் தோள் அகலத்துக்கு விரிய வேண்டும், விரல் நுனி கொஞ்சம் வெளியே பார்க்க வேண்டும், முட்டி விரல் போகும் திசையில்தான் மடங்க வேண்டும், குதிகால் தரையை விட்டு எழக் கூடாது, நெஞ்சு நிமிர்ந்திருக்க வேண்டும். இத்தனையையும் ஒரே நேரத்தில் யார் நினைவில் வைப்பது? முட்டியைக் கவனித்தால் எனக்குக் குதிகால் கிளம்பிவிடும். நீயோ முட்டியை மடக்கவே மாட்டாய். பின்புறம் மேலே, தலை கீழே, நாற்று நடுகிறவள் அப்படியே வந்து நின்றாய்.

“அம்மா, உட்காரணும். நீங்க குனியறீங்க.”

“நாத்து நட்ட ஒடம்பு மாஸ்டர். இடுப்புலதான் மடங்கும்.”

இரண்டாவது வாரம் கம்பி வந்தது. வெறும் கம்பியே இருபது கிலோ. நீ தோளிலிருந்த துண்டை எடுத்து முறுக்கிச் சுருட்டினாய். நெல்லுக் கட்டுக்கும் கரும்புக் கட்டுக்கும் தலையில் வைப்போமே, அந்தச் சும்மாடு. அதைப் பின்கழுத்தில் வைத்து அதன்மேல் கம்பியைத் தாங்கினாய். மாஸ்டர் பதறி ஓடி வந்தார். கழுத்தெலும்புமேல் சுமை ஏறக் கூடாது, அதற்குக் கீழே தோள் சதைமேல்தான் கம்பி உட்கார வேண்டும், துண்டு வைத்தால் உருளும் என்றார். “சும்மாடு இல்லாம எவடி சுமை தூக்குவா” என்று என் காதில் முணுமுணுத்தாய். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி வைத்துக்கொண்டாய்.

மூன்றாம் நாள் அது உருண்டது. நீ பாதி உட்கார்ந்திருந்தாய். துண்டோடு சேர்ந்து கம்பி முதுகுப் பக்கம் வழுக்கி, இடுப்பு உயரத்தில் இரண்டு பக்கமும் நீட்டியிருந்த தாங்கு கம்பிகளில் மடேர் என்று விழுந்தது. பின்னால் நின்ற நான் ஒரு எட்டு விலகிவிட்டேன். பிடிக்கத்தானே என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள்? நீ திட்டவில்லை. எழுந்து போய் அந்தத் தாங்கு கம்பியைத் தட்டிக் கொடுத்தாய்.

“உன்ன நம்பினா போய்ச் சேர வேண்டியதுதான். இது கீதே, இதான் மனுசன்.”

அன்று ஆணியில் மாட்டிய துண்டை அப்புறம் நீ எடுக்கவே இல்லை. அடுத்த மாதம் பார்த்தால் என்னைவிட ஆழமாக, நேராக உட்கார்ந்து எழுந்தாய். ஒரு பக்கத்துக்கு இரண்டரை கிலோ வட்டும் மாட்டினாய். “ஒடம்பு லேசா கீதுடி, தல சுத்தறதுகூட இல்ல” என்று வண்டியில் வரும்போது சொன்னாய். தலை சுற்றுமா உனக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். எதிரே லாரி வந்தது, மறந்துவிட்டேன்.

இப்போது என்னைத் தின்கிற விஷயத்துக்கு வருகிறேன். மூச்சு. உட்காரும்போது இழு, எழும்போது விடு என்றுதான் மாஸ்டர் சொன்னார். போனில் நான் பார்த்த வீடியோவில் ஒருவர் மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கினால்தான் முதுகு தாங்கும் என்றார். இன்னொருவர் அடக்கவே கூடாது என்றார். எனக்கு முதல் ஆள் சொன்னது பிடித்துப்போனது. பின்னால் நின்று, “அடக்குடி, அடக்கு, இப்ப ஏறு” என்று உனக்குச் சொன்னது நான்தான். உன் முகம் சிவந்து வீங்கும். நான் கைதட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணி அலசிக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாயாம். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாய். கண் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து உன் மகள் கலையரசி என் வீட்டுக்கு வந்தாள். கையில் கடுகு டப்பா. உள்ளே மாத்திரை அட்டைகள், பாதி பிரிக்காமலே.

“கம்பெனில செக்கப் பண்ணப்போ பிரஷர்னு குடுத்தாங்களாம். ஆறு மாசமாச்சி. உன்கிட்டயாவது சொல்லிச்சா அத்த?” என்று கேட்டாள்.

நாம் ஜிம்மில் சேர்ந்தே நாலு மாதம்தான். அப்படியானால் அந்த ஃபாரம் நிரப்பிய அன்று உனக்குத் தெரியும். தெரிந்தும் மறைத்தாயா? சொன்னால் நான் சேர விடமாட்டேன், பிறகு நானும் போகமாட்டேன் என்று நினைத்தாயா? இல்லை, மாத்திரையைத் தலைசுற்றலுக்கு என்று எண்ணி, அதை நோய்க் கணக்கிலேயே நீ சேர்க்கவில்லையா? உடம்பு லேசானதும் மாத்திரையை விட்டுவிட்டாயா? ஒவ்வொரு நாளும் ஒன்று சரியென்று படுகிறது. ஊரில் கம்பி தூக்கித்தான் செத்தாள் என்கிறார்கள். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

டாக்டரிடமே போய்க் கேட்டேன். “மாத்திரைய விட்டதால இருக்கலாம்மா. பிரஷர் இருக்கறவங்க மூச்ச அடக்கித் தூக்கறதும் நல்லதில்ல. எதுன்னு அடிச்சிச் சொல்ல முடியாது” என்றார். அடித்துச் சொல்லியிருந்தால் தேவலை. அழுது தீர்த்திருப்பேன், அல்லது உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

இன்று எதற்குப் போனேன் என்றும் தெரியவில்லை. முட்டி மறுபடி வலிக்க ஆரம்பித்துவிட்டது, அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன். அங்கே புதிதாக ஒரு பெண், கடைத்தெருவில் காய்கறி விற்கிறவளாம், கையில் ஃபாரத்தோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் நீட்டினாள்.

“எழுதிக் குடுக்கா. எனக்கு நோவு ஒண்ணும் இல்ல, இல்லன்னே போட்டுடு.”

பேனா அந்தக் கட்டத்துக்கு வந்து நின்றது.

“மாத்திர எதனா சாப்புடுறியா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா.”

“காலைல? ராத்திரில? தல சுத்தலுக்கு, மயக்கத்துக்கு, எதுக்கானா?”

அவள் யோசித்தாள். “வெள்ளையா ஒண்ணு கீது. அது நோவுக்கு இல்லக்கா, சும்மா குடுத்தாங்க.”

பேனாவை மூடிவிட்டேன். “அந்த அட்டைய நாளைக்கு எடுத்துனு வா. டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் எழுதுவோம். இன்னிக்கு நீ சும்மா பாரு” என்றேன். அவளுக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் பின்னால் வந்து நின்றாள்.

தாங்கு கம்பிகளை இடுப்பு உயரத்தில் சரிபார்த்துவிட்டு வெறும் கம்பிக்கு அடியில் போனேன். தோள் சதையில் உட்கார வைத்தேன். இறங்கினேன். எழும்போது மூச்சை விட்டேன், ஜிம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாக. “இன்னாக்கா இப்பிடி ஊதுற” என்று அவள் சிரித்தாள்.

நீயும் இப்படித்தான் ஊதியிருக்க வேண்டும். அடக்கு என்று உனக்குச் சொன்னவள் நான். உன் துண்டை எடுத்து வரவில்லை. ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தேன், ஐந்து முறையும் ஊதினேன். ஒவ்வொன்றையும் உனக்குச் சொல்வதாக நினைத்துத்தான் ஊதினேன்.