அகோசுவாவுக்கும் திட்டு வேண்டும்

அனுப்புநர்:
சம்யுக்தா,
முனைவர் பட்ட மாணவி,
அஜ்மான்.

பெறுநர்:
பேராசிரியர் ருமைஸா அவர்கள்,
தலைவர், ஆய்வு வழிகாட்டுதல் குழு,
வளைகுடாத் தமிழ் ஆய்வாளர் கூடம்,
ஷார்ஜா.

பொருள்: வழிகாட்டிப் பேராசிரியர் பாஸ்கர் அவர்கள், மாணவி அகோசுவா மென்சாவைத் திட்ட மறுத்துவருவது குறித்துப் புகார்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்பும் கறுப்பின மாணவர்களுக்குத் தமிழ்ப் பேராசிரியர்கள் வழிகாட்டும் திட்டத்தைத் தங்கள் குழு சென்ற ஆண்டு தொடங்கியது. நல்ல திட்டம். அதன் முதல் மாணவி, கானா நாட்டின் குமாசி நகரைச் சேர்ந்த அகோசுவா. நானும் அவரும் அஜ்மானில் ஒரே ரூமில் இருக்கிறோம். எங்கள் இருவருக்கும் வழிகாட்டி பேராசிரியர் பாஸ்கர் அவர்களே.

2. பேராசிரியர் அகோசுவாவைக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பொங்கல் விழாவில் குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார். கூடத்தின் எல்லா பேனரிலும் அவர் முகத்தைப் போட்டார். மேடைதோறும் பொன்னாடை போர்த்தியதில் எங்கள் ரூம் ஜன்னலுக்குத் திரைச்சீலைப் பஞ்சமே இல்லை. அவருடைய ஆய்வு முன்மொழிவை மட்டும்தான் படிக்கவில்லை.

3. இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. அகோசுவா அனுப்பிய கோப்புக்குப் பாஸ்வேர்டு உண்டு. அதைச் சொல்ல அவர் மறந்துவிட்டார், பேராசிரியரும் கேட்கவில்லை. ஆனாலும் மறுநாளே "வெரி குட், வெரி குட்" என்று பாராட்டு வந்தது. சாப்பிட்டாயா என்ற விசாரிப்பும் வந்தது.

4. என் கதை வேறு. டியூஷன் போகும் பிள்ளைகளின் தூக்கக் குறைவு பற்றி நான் எழுதிக் கொடுத்தேன். "டியூஷன் போகாத பிள்ளைங்க எல்லாம் குறட்டை விட்டுத் தூங்குதுன்னு உனக்கு யார்மா சொன்னா? இது ஆய்வா, அரட்டையா?" என்று கேட்டார். பக்கமெல்லாம் சிவப்பு மை. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பிறகு திருத்தினேன். பல்கலைக்கழக நேர்காணலில் அதே கேள்வி வந்தது, பதில் சொன்னேன், இடம் கிடைத்தது.

5. அகோசுவாவின் ஆய்வு, அஜ்மானிலிருந்து துபாய்க்குத் தினமும் பஸ்ஸில் போய்வருபவர்களை வெயில் எப்படி வாட்டுகிறது என்பது. "காரில் போகிறவர்கள் இதே அளவு சோர்ந்துபோகவில்லை என்று எப்படித் தெரியும்?" என்று நேர்காணல் குழு கேட்டது. அகோசுவா பஸ்ஸில் போகிறவர்களின் சோர்வையே மறுபடியும் விளக்கினார். என்னிடம் இருந்த அதே ஓட்டைதான். எனக்குத் திட்டு கிடைத்தது, அவருக்குப் பொன்னாடை கிடைத்தது. அடுத்த மாதம் ஒரே ஒரு வாய்ப்பு தந்திருக்கிறார்கள். அதுவும் தவறினால் இடம் போய்விடும். படிப்பு விசாவும் முடிகிறது, ஊர் திரும்ப வேண்டியதுதான்.

6. பேராசிரியரிடம் நேரில் முறையிட்டேன். "பாவம்மா, எவ்வளவோ கஷ்டப்பட்டு வந்த பொண்ணு. நாம வேற ஏன் நோகடிக்கணும்?" என்றார். அகோசுவாவின் தாயார் ஒரு கல்லூரியின் முதல்வர். தகப்பனார் பல் மருத்துவர். பேராசிரியர் எந்தக் கஷ்டத்தைக் கண்டார் என்று அகோசுவாவுக்கே தெரியவில்லை. அகோசுவாவின் முகத்தைப் பார்த்ததும் பேராசிரியர் தாமாகவே ஒரு கதை கட்டிக்கொண்டார் என்பதே என் தாழ்மையான எண்ணம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. என்னால் திருத்திக்கொள்ள முடியும் என்று நம்பித்தான் அவர் என்னைத் திட்டினார். அந்த நம்பிக்கையை அகோசுவாவுக்கு ஏன் தரவில்லை?

7. ஆகவே, பேராசிரியர் அகோசுவாவின் முன்மொழிவை இந்த வாரமே படித்து, என்னைத் திட்டிய அதே குரலில், சற்றும் குறைக்காமல் திட்டும்படி தாங்கள் உத்தரவிட வேண்டும். இடம் கிடைக்கும்வரை அகோசுவாவை எந்த மேடைக்கும் அழைக்கக் கூடாது. விழாவுக்கு ஒரு முகம் அவசியம் என்றால் நான் வருகிறேன். எனக்கு இதுவரை யாரும் ஒரு துண்டுகூடப் போர்த்தியதில்லை.

8. என் பிரதியின் சிவப்பு மையைப் பார்த்து அகோசுவா பொறாமைப்படுகிறார். அழுதுவிடுவாரோ என்று பேராசிரியர் அஞ்ச வேண்டாம். அழட்டும்; பஸ்ஸில் பக்கத்தில் நான் இருப்பேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
சம்யுக்தா

இடம்: அஜ்மான்
நாள்: 10.02.2025

இணைப்பு: ஆய்வு முன்மொழிவு (பாஸ்வேர்டு நீக்கப்பட்டது). சிவப்புப் பேனா ஒன்று. பொன்னாடை ஒன்று, பேராசிரியர் கடைசிப் பக்கம்வரை படித்து முடித்ததும் அவருக்கே போர்த்துவதற்காக, அகோசுவா துவைத்து மடித்துக் கொடுத்தது.