மூன்று ஸலாம்

மச்சானுக்கு ஸலாம். கட்டாரில் வெயில் எப்படி?

அடுத்தவர் மின்னஞ்சலும் வீடுதான், அனுமதியில்லாமல் நுழையக் கூடாது, வாசலில் நின்று சொல்லும் மூன்று ஸலாமுக்குப் பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று கணினி வகுப்பில் கற்பித்தேன். வகுப்பை நடத்தும் நிர்வாகத்தின் தலைவர் பாராட்டினார்.

“நல்ல பாடம் டீச்சர். பிள்ளைகள் அப்பிடி நடக்குதுகளா எண்டு எல்லார்ர மெயிலையும் திறந்து பாப்பம். பிழையிருந்தா ஆமிக் காம்புக்குச் சொல்லுவம்.”

“ஓம் சேர்” என்றேன். யுத்தம் முடிந்து ஒரு மாதம்தானே, இராணுவ முகாம் என்றால் யார் மறுத்துப் பேசுவார்கள்?

இயக்கத்தில் இருந்த அண்ணனோடு சென்னைக்குத் தப்பிய தன் தோழி உசாந்தினிக்கு, என் வகுப்பிலேயே படிக்கும் நம் மகள் மின்னஞ்சல் எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள் என்று நான் திறந்து பார்த்ததில்லை. பொய் சொல்லக் கூடாதென்று நாம் வளர்த்த பிள்ளை, தலைவர் கேட்டதும் சரியான கடவுச்சொல்லையே கொடுத்துவிட்டாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு திறப்பாராம். கடிதம் உங்களிடம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும், இன்று இங்கே மின்சாரம் போயிருக்க வேண்டுமென்று துஆச் செய்யுங்கள்.

பதிலைத் தபாலில் போடுங்கள்.

உங்கள் மகளின் உம்மா