வேலிக்குள் நின்ற புல்

ஷார் தால் சமவெளி
14 செப்டம்பர் 2009

தங்கச்சி நர்மாவுக்கு,

உலான்பாத்தர் புகை உன்னை இன்னும் தின்றுவிடவில்லையே? இங்கே ஆடுகள் கொழுத்திருக்கின்றன. உன் அண்ணி செவெல்மாவும்தான். (இதை அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.)

கோடை முடிந்துவிட்டதால், உன் ஆராய்ச்சி வேலிக்குள் நட்டிருந்த கண்ணாடிக் கூண்டுகளைப் பிரித்து அடுக்கிவிட்டேன். பூக்கணக்குத் தாள் இத்துடன் இருக்கிறது. கூண்டு வைத்துச் சூடேற்றிய இடங்களில் இந்த வருஷமும் பூ குறைவு. புல்லும் சீக்கிரம் பழுத்துவிட்டது.

பக்கத்துக் கூடாரத்துச் சாம்பு வந்து வம்பிழுத்தான். "ஏன் கொம்போ, உன் தங்கச்சி புல்லுக்குக் கம்பளி போத்திட்டு, காய்ச்சல் வருதான்னு பாக்குறாளாமே?"

"அம்பது வருஷம் கழிச்சு வெயில் ஏறினா நம்ம மேய்ச்சல் நிலம் என்ன ஆகும்னு இப்பவே பாக்குறாடா."

"அதுவரைக்கும் ஆடு பட்டினி கெடக்கணுமாக்கும்!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் எல்லோருக்கும் அந்த வேலிமேல்தான் கண். ஆறு வருஷமாக ஆடு வாய் வைக்காத புல்லாயிற்றே, முழங்கால் உயரம் நிற்கிறது.

உன் அண்ணன்,
கொம்போ

உலான்பாத்தர்
9 அக்டோபர் 2009

அன்புள்ள அண்ணா,

தாள் கிடைத்தது. உங்கள் எழுத்தைப் பார்த்து அலுவலகத்தில் எல்லோரும் மெச்சுகிறார்கள். மெச்சிவிட்டு முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். "அண்ணன் காவல், தங்கச்சி கணக்கு. குடும்பத் தொழில்!" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். ஜூனில் நார்வேயிலிருந்து பேராசிரியர் ஹால்வோர்சன் வருகிறார். இந்த ஆராய்ச்சியை இன்னும் ஐந்து வருஷம் நீட்டுவதா, மூடுவதா என்று அவர்தான் முடிவு செய்வார். அதுவரை ஒரு ஆட்டுக்குட்டிகூட வேலிக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணியின் இடுப்பு வலிக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். நீங்கள் தடவிக்கொள்ள வேண்டாம்.

நர்மந்தா

ஷார் தால்
18 ஜனவரி 2010

நர்மா,

நம் வழக்கப்படி, குளிர்காலம் சுகமாகக் கழிகிறதா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை.

டிசம்பரில் மழை பெய்து, அப்படியே உறைந்து, அதன்மேல் பனி கொட்டிவிட்டது. இது ஸுட்தான், மந்தையை அழிக்கும் குளிர்காலம். ஆடுகள் குளம்பால் தோண்டிப் பார்க்கின்றன. பனிக்குக் கீழே பாறை மாதிரிக் கட்டி. குளம்பிலிருந்து ரத்தம் வருகிறது. கையிருப்பு வைக்கோல் இன்னும் பத்து நாளைக்குத்தான் தாங்கும். நேற்று ஒரு ஆடு இன்னொன்றின் மயிரைப் பிடுங்கித் தின்பதைப் பார்த்தேன்.

வேலிக்குள் மட்டும் பனிக்கு மேலே மஞ்சளாகப் புல் நிற்கிறது. சினை ஆடுகளை மட்டுமாவது மூன்று வாரம் உள்ளே விடலாமா? நீங்கள் அளக்கும் சதுரங்களைச் சுற்றி நானே வலை கட்டிவிடுகிறேன். கூண்டுகளும் இப்போது அங்கே இல்லை. பேராசிரியரைக் கேட்டுச் சொல். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஜீப் ஓட்டுநர் திரும்பி வரும்போது பதிலை அவரிடமே கொடுத்தனுப்பு.

இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

கொம்போ

உலான்பாத்தர்
24 ஜனவரி 2010

அன்புள்ள அண்ணா,

கேட்டுப் பார்த்தேன். சம்மதிக்கவில்லை. ஆறு வருஷ உழைப்பு வீணாகிவிடும் என்கிறார்கள். என்னால் ஆனதைச் செய்தேன். தீவன லாரி கிளம்பிவிட்டதாகச் சொல்கிறார்கள். எப்படியாவது தாக்குப்பிடியுங்கள்.

நர்மந்தா

ஷார் தால்
20 ஏப்ரல் 2010

நர்மா,

தீவன லாரி மார்ச்சில்தான் வந்தது. இருநூற்றுச் சொச்சம் ஆடுகளில் முப்பத்தொன்று மிச்சம். குட்டிகளைக் கூடாரத்துக்குள் வைத்துச் செவெல்மா தன் அங்கிக்குள் பொதிந்து காப்பாற்றப் பார்த்தாள். தாய்களுக்கு மடி வற்றிவிட்டது. ஒன்றுகூடத் தேறவில்லை.

பிப்ரவரியில் சாம்பு கம்பி வெட்டும் குறடோடு வந்தான். நான் வேலிக் கதவில் முதுகை வைத்து நின்றேன்.

"தள்ளு கொம்போ. கண்ணு முன்னாடி புல்லு நிக்குது, கண்ணு முன்னாடி ஆடு சாவுது. நீ மனுசனா?"

"என் தங்கச்சி கேட்டுட்டாடா. முடியாதுன்னுட்டாங்க. அவ பேச்சைக் காப்பாத்தணும்ல?"

செவெல்மாவும் கொஞ்ச தூரத்தில் நின்றாள். அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் திறந்திருப்பேன். பேசவில்லை. சாம்பு குறடைப் பனியில் எறிந்துவிட்டுப் போனான். அவனுக்கு ஒன்பது ஆடு மிச்சம்.

நீ மனசை அலட்டிக்கொள்ளாதே. எங்களுக்காக அந்நியர்களிடம் வாய் திறந்து கேட்டாய். அது போதும்.

கொம்போ

உலான்பாத்தர்
27 ஜூன் 2010

அண்ணா,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

பேராசிரியர் வந்திருந்தார். குளிர்காலத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "ஏன் என்னைக் கேக்கல? நாம அளக்குறது சின்னச் சின்னச் சதுரம்தானே, மத்ததெல்லாம் சும்மா நிக்குற புல்லுதானே. வலை கட்டிட்டு விட்டிருக்கலாம். ஒரு போன் போதும். அன்னிக்கே சரின்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

நான் கேட்கவே இல்லை, அண்ணா. அவரை மட்டுமல்ல, யாரையுமே. உங்கள் கடிதம் வந்த அன்று போனைக் கையில் எடுத்தேன். தன் அண்ணன் ஆட்டுக்காக ஆராய்ச்சியைக் கெடுக்கிறாள் என்று பேசுவார்களே என்று பயந்து வைத்துவிட்டேன். பிறகு உங்களுக்குப் பொய் எழுதினேன். நீங்கள் அந்தப் பொய்க்காகக் கதவில் முதுகை வைத்து நின்றிருக்கிறீர்கள்.

ஐந்து வருஷ நீட்டிப்பு கிடைத்துவிட்டது. இதை எழுதவே கை கூசுகிறது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஜூலையில் அங்கே வந்து அண்ணியிடமும் சாம்புவிடமும் நானே சொல்கிறேன்.

நர்மந்தா

ஷார் தால்
11 ஜூலை 2010

நர்மா,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். செவெல்மா தண்ணீர் வாளியோடு வந்து, "என்னவாம் உங்க தங்கச்சிக்கு?" என்றாள்.

"சொகமா இருக்காளாம். வெளிநாட்டுக்காரர் வந்துட்டுப் போனாராம்."

தாளை அடுப்பில் போட மனம் வரவில்லை, நெருப்பு தெய்வமாயிற்றே. மடித்துக் காலணிக்குள் செருகிக்கொண்டேன்.

நீ வந்து யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். சாம்பு இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை. செவெல்மாதான் அவன் கூடாரத்துக்குப் போய், "நர்மா கேட்டாளே, அவங்க தரலைன்னா அவ என்ன செய்வா?" என்று சொல்லிச் சமாதானம் செய்தாள். அவர்கள் இரண்டு பேரும் அந்தச் சொல்லின்மேல்தான் நிற்கிறார்கள். அதை உருவ எனக்குத் தைரியம் இல்லை. நீ கேட்டதாகவே இங்கே இருக்கட்டும்.

மே மாதமே கூண்டுகளை நட்டுவிட்டேன். இதுவரையான கணக்கு இத்துடன். இனிமேல் சாம்புவின் மனைவி எண்ணுவாள். அவளுக்கு என்னைவிடக் கண் கூர்மை. நாங்கள் முப்பத்தொரு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு, செவெல்மாவின் தம்பி இருக்கும் வடக்குப் பக்கம் போகிறோம்.

இந்தக் கோடையில் வராதே. உன் முகத்தைப் பார்த்தால் எல்லோர் முன்னாலும் எதையாவது சொல்லிவிடுவேன். அடுத்த வருஷம் எப்படி என்று தெரியவில்லை. கூப்பிட முடிந்தால் நானே எழுதுகிறேன்.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் செவெல்மாவிடம் நான் சொன்ன முதல் பொய் இது. எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது, "வேற ஒண்ணும் எழுதலையா?" என்று மறுபடியும் கேட்டாள்.

கொம்போ