உடைசல் பை

மார்ச் 11, சனிக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும், அண்ணன் குடும்பமும் உடம்பளவில் சுகமே. நீயும் அந்தக் குளிருக்கு ஏற்றபடி உடுத்தி, வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பிப்ரவரி 26 தேதியிட்ட உன் கடிதம் மார்ச் 7, செவ்வாய்க்கிழமை கிடைத்தது. உறையின் முத்திரையோ 28 என்கிறது. இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தாயா? முப்பது வருடம் பதிவறையில் தேதி முத்திரை குத்திய எனக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது. வேலையின்மை, குறைந்த கூலி, ஏழை வீட்டுச் சாப்பாடு இவை பற்றிய உன் ஆராய்ச்சிக்காக, அண்ணன் மேற்பார்வை பார்க்கும் பிஸ்கட் தொழிற்சாலையின் பெண்கள் மாதக் கடைசியில் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொன்னாய். விசாரித்தேன். அதிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை.

ஜனவரி 2 முதல் அங்கே நிரந்தர வேலை என்பதே கிடையாது. அதே பெண்களை ஒப்பந்தக்காரர் வழியாக, முன்பு வாங்கியதில் ஏறக்குறைய பாதிக் கூலிக்கு எடுத்துக்கொண்டார்கள். யாராவது முணுமுணுத்தால், வேலை கேட்டு வெளிவாசலில் நிற்கும் கூட்டத்தைக் காட்டுகிறார்கள், பேச்சு அடங்கிவிடுகிறது. ஒரு சலுகை மட்டும் பழையபடி நீடித்தது. பொட்டலம் கட்டும்போது உடையும் பிஸ்கட்டை, உடைசல் என்பார்கள், சனிக்கிழமைதோறும் பைகளில் போட்டு அந்தப் பெண்களுக்கே கொடுத்துவிடுவார்கள். கூலி குறைந்ததிலிருந்து உடைசல் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. கை தவறினாற்போல் விரலால் ஓர் அழுத்து, அவ்வளவுதான். பால் இல்லாத தேநீரில் அதை ஊறவைத்து இராச் சாப்பாடாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். நம் தெருமுனையில் குடியிருக்கும் கண்ணாடியக்காவை உனக்குத் தெரியும். அவளும் அங்கேதான் பொட்டலம் கட்டுகிறாள். அவள் சிரித்துக்கொண்டே அண்ணனிடம், "எங்க வீட்டுச் சின்னது முழு பிஸ்கட்டைப் பாத்தா, இது யார் வீட்டுதும்மான்னு கேக்குது தம்பி" என்றாளாம்.

மார்ச் 9, வியாழக்கிழமை, முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, "யார் உடைக்கிறாங்கன்னு பேர் குடு. ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்புனா மத்தவங்க கை தானா சரியாயிடும்" என்றிருக்கிறார். இவன் யோசிக்காமல், "கை இல்லீங்க, பிஸ்கட் ஓடி வர்ற பெல்ட்டு உதறுது, அதுல உடையுது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பெல்ட்டில் ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமை மெக்கானிக் வந்து ஓட்டிப் பார்க்கப் போகிறார். பொய் வெளிப்பட்டால் இவன் வேலை போகும். அண்ணி முறத்தைக் கீழே வைக்காமலே, "வெளிவாசல்ல நல்ல இடமாப் பாத்துப் பிடிச்சு வெச்சுக்குங்க, மத்தியானம் சோறு அங்கயே கொண்டாந்து தர்றேன்" என்று குத்தினாள். நானும் கண்டித்தேன். "பதினாறு பேரும் உடைக்கிறாங்கப்பா. அதுல எந்த ரெண்டு பேரைச் சொல்றது, நீங்களே சொல்லுங்க" என்றான். நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. முடிவு தெரியாமல் இதை அஞ்சலில் சேர்க்க மனம் வரவில்லை, இப்போது தெரிந்துவிட்டது. மெக்கானிக் நேற்று வந்து, பெண்கள் எல்லாரும் சுவரோரமாக நிற்க, காலை முழுவதும் இயந்திரத்தை ஓட்டினார். ஒரு பிஸ்கட்கூட உடையவில்லை. ஆனால் முதலாளியிடம் போய், பெல்ட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். போகிற போக்கில் அண்ணனிடம், "புது பெல்ட்டு நம்ம கடையிலதான் சார் வாங்குவாங்க, நீங்க ஏன் பயப்படுறீங்க" என்று கண்சிமிட்டினாராம். கேட்டதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், முழுக் கதையையும் கேட்காமல்.

சாயங்காலமே புது பெல்ட் மாட்டியாகிவிட்டது. மாட்டியதும் முதலாளி, இனி இயந்திரத்தின் மேல் பழி போட முடியாது, இனி உடைவது கையால் உடைவதுதான் என்று அறிவித்துவிட்டார். உடைசல் பை நின்றது. உடைவதெல்லாம் மாட்டுத் தீவனத்துக்கு. அப்படியும் உடைந்தால், மார்ச் 31, வெள்ளிக்கிழமை அண்ணன் பெயர்களைக் கொடுத்தாக வேண்டும். கண்ணாடியக்கா கோபப்படவில்லையாம். "நல்லது பண்ணப் போயி எங்க புள்ளைங்க வாயில மண்ணைப் போட்டுட்டியே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நேற்றிரவு இவன் தட்டில் கை வைக்கவில்லை. "31ஆம் தேதி என் பேரை மட்டும் எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன்" என்கிறான். பெல்ட் மாறிய பிறகு இன்றும் உடைந்ததாம், மகளே. பையில்லாததால் வேலை நேரத்திலேயே மறைத்து வாயில் போட்டுக்கொண்டார்களாம்.

உன் ஆராய்ச்சியில் கூலியை எழுது, வெளிவாசல் கூட்டத்தை எழுது. அவர்கள் உடைப்பதை மட்டும் எழுதிவிடாதே. அச்சில் வந்தால் முதலாளிக்கு அதுவே சாட்சியாகிவிடும். அண்ணன் உன் பேச்சைத்தான் கேட்பான். என் ஓய்வூதியத்தில் ஆறு பேர் மாதம் முழுவதும் சாப்பிட முடியாது, ஆகவே அவனைத் தடுத்து நிறுத்து என்று சொல்லத்தான் இன்று மறுபடி பேனாவை எடுத்தேன். தடுத்தால் அவன் வேறு இரண்டு பேரை எழுத வேண்டும். எந்த இரண்டு பேர் என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. உன்னால் முடிந்தால் அவனிடம் சொல். பதில் கடிதம் வேண்டாம், தேதி தவறிவிடும்; தொலைபேசியில் 31க்கு முன்பே அவனைக் கூப்பிடு.

நோயில்லாமல், மனக்குறையில்லாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா