ராணி உட்கார்ந்த இடம்

வியாழன், இரவு

இன்று கறம்பக்குடி கடைத்தெருவில் ராணியால் என் குட்டு உடைந்தது.

கண் தெரியாத ஒருவருக்கு வழிகாட்டப்போகிற நாய்க்குட்டி அது. குடியை விட்ட எங்களை நம்பி, மறுவாழ்வு மையத்தில் ஆளுக்கொன்று வளர்க்கக் கொடுத்திருக்கிறார்கள். இன்று பயிற்சி தரும் டீச்சர் வாரைப் பிடித்து நடந்தார், நான் பின்னால் போனேன். என் தேங்காய் மண்டியைத் தாண்டியதும் ராணி தானாகத் திரும்பி, ஒயின்ஷாப் வாசலில் உட்கார்ந்து, பிஸ்கட்டுக்காக என்னைப் பார்த்தது.

"அண்ணே, இங்கிட்டு உக்காரப் பழக்குனது யாரு?"

"கூட்டத்தப் பாத்து மிரண்டுருக்கும் டீச்சர்."

"மெரண்ட நாய் வாலை ஆட்டுமாண்ணே? நாளைக்குக் கண்ணு தெரியாதவங்களையும் இங்கதான் கொண்டாந்து நிறுத்தும்."

இரண்டு வாரமாக, நான் உள்ளே போய் வரும்வரை குரைக்காமல் இருக்கட்டும் என்று பிஸ்கட் கொடுத்துப் பழக்கியது நான்தான். சொல்லிவிட்டேன். அழுகல் காயை அடியில் போட்டு மூட்டை கட்டுகிறவனை மண்டிப் படி ஏறவிடாதவன் நான்.

அதனால் டீச்சர் போட்ட நிபந்தனைகளைப் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன். ஒரு மாதம் ராணி மையத்தில் டீச்சரிடம் இருக்கும். தினமும் காலையில் நான் மையத்துக்குப் போய் குடிக்கவில்லை என்று கருவியில் ஊதிக் காட்ட வேண்டும், ராணியின் கூண்டைக் கழுவ வேண்டும், அதைத் தொடக்கூடாது. ஒரு நாள் தவறினாலும் ராணி வேறு ஆளுக்கு.